பச்சைக்குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமையா? அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு அப்போது இரண்டரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் துணியில் மஞ்சள் மலத்தோடு நூல் நூலாக ரத்தம். சீதபேதி என்று இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அடங்கவில்லை. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டப்பாப் பாலுக்கு மாறச் சொன்னார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா குழந்தையை எடை போட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "நீ என்னம்மா சாப்பிடுற?" என்று கேட்டார். பால் ஊறட்டும் என்று காலையும் மாலையும் அம்மா காய்ச்சிக் கொடுத்த பூண்டுப் பால்தான் அன்றைக்கு என் முதல் பதில்.

"அதை நிறுத்திப் பார், அப்புறம் திரும்பக் குடித்துப் பார்" என்றார். அதில் இரண்டாவது பாதியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நோய் அதுதானா என்று தெரிந்துகொள்ளும் வழி அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. நான் மருத்துவர் கிடையாது. மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், வழிகாட்டு நெறிமுறைகளைப் படித்துப் புரிந்துகொண்டதையும், மற்ற அம்மாக்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

பால் செரிக்காததும் பால் ஒவ்வாமையும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு. பாலில் இருக்கும் சர்க்கரைக்குப் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்தால் வயிறு உப்பும், தண்ணீராகப் போகும். பெரியவர்களுக்கு இது சகஜம். பிறவியிலேயே அந்த நொதி இல்லாத குழந்தை மிக மிக அரிது. கடுமையான வயிற்றுப்போக்கு வந்துபோன பிறகு சில குழந்தைகளுக்குச் சில வாரங்கள் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போய், தானே சரியாகிவிடும்.

ஒவ்வாமை என்பது பாலில் உள்ள புரதத்தின்மேல் வருவது. பால் திரியும்போது கட்டியாகப் பிரிகிறதே, அதில் இருப்பது கேசின். பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அதுதான். மிச்சத் தண்ணீரில் இருப்பது மோர்ப்புரதம். குழந்தையின் எதிர்ப்பு சக்தி இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அதனால்தான் 'லாக்டோஸ் இல்லாத பால்' என்று கடையில் விற்பதை வாங்கிக் கொடுத்தால் ஒவ்வாமைக்கு ஒரு பயனும் இல்லை. சர்க்கரையைத்தான் எடுத்திருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது.

பசும்பாலை வாயிலேயே வைக்கவில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எப்படி வரும்?

அம்மா சாப்பிடும் பால், தயிரிலிருந்து மிகச் சிறு அளவு புரதம் செரிக்காமல் ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து தாய்ப்பாலுக்கும் வருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்றும் செய்யாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் சுமார் 200-ல் ஒன்றுக்குத்தான் இந்தப் பிரச்சினை வருகிறது. டப்பாப் பாலோ பசும்பாலோ நேரடியாகக் குடிக்கும் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். உன் பாலில் கோளாறு என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பால் நல்ல பால்தான்.

என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

இரண்டு விதமாக வரும். எந்த விதம் என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு செய்வதெல்லாம் மாறும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் விதம் உடனடியாக வருவது. குடித்த சில நிமிடங்களில், அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உடம்பில் திட்டுத்திட்டாகத் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குவது, வாந்தி, மூச்சிழுப்பு. பெரும்பாலும் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைக்கு முதன்முதலாக ஒரு பாலாடை பசும்பாலோ ஒரு வாய் தயிர் சாதமோ கொடுக்கும்போது வெளிப்படும். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இதற்குக் காரணம்.

இரண்டாவது விதம் மெதுவாக வருவது. சில மணி நேரம் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோ தெரியும். மலத்தில் சளி, ரத்தம், நிற்காத வயிற்றுப்போக்கு, அடிக்கடி வாந்தி, எடை ஏறாமல் இருப்பது, எந்தக் களிம்புக்கும் அடங்காத கரப்பான். இந்த விதத்தில் ஐஜிஇ-க்குப் பங்கு இல்லை. நேரம் கழித்து வருவதால் பாலோடு தொடர்புபடுத்தவே நமக்குத் தோன்றாது. மாந்தம், செவ்வாப்பு, திருஷ்டி என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள்.

இந்த இரண்டாவது விதத்திலேயே பயமுறுத்தும் வடிவம் ஒன்று உண்டு. பால் கொடுத்து 1 முதல் 4 மணி நேரத்துக்குள் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளுத்து, துணிபோலத் துவண்டுவிடும். தடிப்போ இழுப்போ இருக்காது. பார்ப்பதற்கு ரத்தத்தில் கிருமி பரவியது போலவே இருக்கும். அதனால் மருத்துவமனைக்குப் போனதும் கடைசியாக என்ன, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது?

மூச்சு விடத் திணறினால், இழுத்தால், குரல் கம்மினால், நாக்கு வீங்கினால், துவண்டு மயங்கினால் உடனே 108-ஐ அழையுங்கள். இதற்கு மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குக் கொடுக்கும் சிரப் அதற்கு ஈடாகாது. சிரப் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடவும் வேண்டாம். படுக்க வைத்தபடியே கொண்டுபோங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இன்னொன்று. விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, நடுவே சோர்ந்துபோய், ஜாம் போலச் சிவந்த மலம் போனால் அது குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டதாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான். குடல் தட்டுகிறேன் என்பவரிடம் எடுத்துப்போய் நேரத்தை இழக்க வேண்டாம்.

குழந்தை ஓயாமல் அழுகிறது, குடித்ததைக் கக்குகிறது. இதுதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. எல்லாக் குழந்தைகளும் கக்கும். அழுகை பிறந்ததிலிருந்து கூடிக்கொண்டே போய் 6-வது வாரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் குறையும். எடை நன்றாக ஏறுகிறது, மலம் சரியாக இருக்கிறது, தோல் தெளிவாக இருக்கிறது என்றால் கக்கலையும் அழுகையையும் மட்டும் வைத்துப் பால் ஒவ்வாமை என்று முத்திரை குத்தக் கூடாது.

நோய் இருப்பது தெரியாமல் போவது ஒரு பக்கம் என்றால், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வதும் இப்போது நிறைய நடக்கிறது. அப்படி முத்திரை விழுந்த வீட்டில் அம்மா காரணமில்லாமல் ஒரு வருடம் பத்தியம் இருப்பாள். குழந்தை காரணமில்லாமல் விலை உயர்ந்த டப்பாவுக்குப் போகும். அழுகை, கக்கல், மலம், தோல், மூச்சு ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் 'கோமிஸ்' என்ற பட்டியல் ஒன்றைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துவார்கள். மொத்தம் 33, 10-ம் அதற்கு மேலும் வந்தால் பால் ஒவ்வாமையா என்று யோசிக்கலாம். யோசிக்கத்தான் அது. முடிவு சொல்லாது.

மலத்தில் ரத்தம் இருந்தால்?

குழந்தை முகம் மலர்ந்து, நன்றாகக் குடித்து, எடையும் ஏறி, மலத்தில் மட்டும் கொஞ்சம் ரத்தமும் சளியும் என்றால் பால் ஒவ்வாமைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் ஆசனவாயில் சின்ன வெடிப்பு, குடல் தொற்று, அம்மாவின் மார்க்காம்பு வெடிப்பிலிருந்து குழந்தை விழுங்கிய ரத்தம் என்று வேறு காரணங்களும் இருக்கும். காய்ச்சல், சோர்வு, வயிறு உப்பல் சேர்ந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே போங்கள். போகும்போது ரத்தம் தெரியும் துணியை எடுத்துச் செல்லுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் விவரித்துச் சொன்னதைவிட அந்தப் படம் டாக்டருக்கு அதிகம் சொன்னது.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

உடனடி விதத்துக்குக் கொஞ்சம் உதவும். தோலில் பால் சாற்றை வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பது, ரத்தத்தில் பாலுக்கான ஐஜிஇ அளவு பார்ப்பது என்று இரண்டு உண்டு. ஆனால் ஐஜிஇ இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பால் குடிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். நடந்த கதையோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

மெதுவாக வரும் விதத்தில் இந்தப் பரிசோதனைகள் எல்லாமே இயல்பாக வரும். 'டெஸ்டில் ஒன்றும் இல்லை, அதனால் பால் ஒவ்வாமை கிடையாது' என்று சொல்லிவிட முடியாது. நூறு இருநூறு உணவுகளுக்கு ஒரே சொட்டு ரத்தத்தில் ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறதே, அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதைத்தான் ஐஜிஜி காட்டும். ஒவ்வாமையைக் காட்டாது.

அப்படியானால் எப்படித்தான் உறுதி செய்வது?

நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்த்துத்தான். உலகம் முழுக்க மருத்துவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். இதை முறையாகச் செய்ய நான் தெரிந்துகொண்ட வழி இது.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். மலம், வாந்தி, தோல், தூக்கம், அழுகை, நீங்கள் சாப்பிட்டது. நிறுத்துவதற்கு முன் மூன்று நாளாவது எழுதியிருக்க வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கையில் இருக்கும். பாலூட்டும் அம்மா பாலும் பாலில் செய்ததும் முழுவதுமாக விட வேண்டும். டப்பாப் பால் குடிக்கும் குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் சிறப்புப் பால் மாவுக்கு மாற்ற வேண்டும். 2 முதல் 4 வாரம். மலத்தில் ரத்தம் சிலருக்கு ஒரு வாரத்திலேயே நின்றுவிடும். கரப்பானுக்கும் எடைக்கும் நான்கு வாரமும் வேண்டும். நான்கு வாரத்துக்குப் பிறகும் மாற்றமே இல்லை என்றால் காரணம் வேறு. பழையபடி பால் சாப்பிடுங்கள், மருத்துவர் வேறு திசையில் தேடட்டும்.

சரி, குழந்தை தேறிவிட்டது. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்த நினைத்தேன். ரத்தம் நின்ற துணியைப் பார்த்த பிறகு மறுபடி பால் குடி என்றால் எந்த அம்மாவுக்கு மனசு வரும்? ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்றாவது மாதத்தில் அழுகை தானாகவே குறைகிறது. மலத்தில் வரும் லேசான ரத்தமும் பல குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாமலே நின்றுவிடுகிறது. நாம் பாலை விட்டதால் நின்றதா, நிற்கும் நேரம் வந்து நின்றதா? திரும்பக் கொடுத்துப் பார்க்காமல் இதற்கு விடை கிடையாது.

மெதுவாக வரும் விதம், லேசான தொந்தரவு என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு வீட்டிலேயே செய்யலாம். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரத்தில் பழைய அளவுக்குப் பால் சாப்பிட வேண்டும். அறிகுறி திரும்பி வந்தால் உடனே நிறுத்துங்கள். அது நோயை உறுதி செய்தாயிற்று. வரவில்லை என்றால் பத்தியம் முடிந்தது. என் மகளுக்கு ஐந்தாம் நாள் ரத்தம் திரும்பியது. அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு இருந்த எட்டு மாதப் பத்தியத்தில் ஒருநாள்கூட, இது தேவைதானா என்ற கேள்வி எனக்கு வரவில்லை.

உடனடி விதம் வந்த குழந்தைக்கும், வாந்தியெடுத்துத் துவண்ட குழந்தைக்கும், எடை மிகவும் குறைந்த குழந்தைக்கும் வீட்டில் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. அதை மருத்துவமனையில், ஊசியும் ஆட்களும் தயாராக இருக்கும் இடத்தில், மருத்துவர் நாள் குறித்துச் செய்வார்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பால் பத்தியம் இருந்துகொண்டே தாய்ப்பால் கொடுப்பதுதான் இந்த நோய்க்கு முதல் சிகிச்சை. பாலை விட்டும் அடங்காத சில குழந்தைகளுக்கு அம்மா முட்டை, சோயா போன்றவற்றையும் விட்டுப் பார்க்க வேண்டிவரும். ஒவ்வொன்றாக, மருத்துவர் சொல்லி. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு ரசம் சாதத்தில் நாளைக் கழிக்கும் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பாலூட்டும் உடம்புக்குச் சாப்பாடு வேண்டும்.

பத்தியத்தில் எதை விட வேண்டும்? எதைச் சாப்பிடலாம்?

பால், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், சீஸ், பால்கோவா, பாயசம், காபி, டீ. இவை எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் வருவதில்தான் ஏமாறுவோம். பிஸ்கட், ரஸ்க், பிரெட், பன், சாக்லேட், பாலில் கலக்கும் மால்ட் பொடிகள், ஓட்டல் குருமா, மோரில் ஊறவைத்த மிளகாய் வற்றல், ரவா தோசை மாவில் ஊற்றும் மோர், பஞ்சாமிர்தத்தில் இருக்கும் நெய். குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் சில புரோபயாட்டிக் பொடிகளிலும் பால் புரதம் இருக்கும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. நம் நாட்டில் பால் சைவம். பார்க்க வேண்டியது ஒவ்வாமைப் பொருள் வரியை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி பால் சேர்ந்திருந்தால் அதை அங்கே தனியாக எழுத வேண்டும். 'மில்க் சாலிட்ஸ்', 'வே', 'கேசினேட்', 'பட்டர் மில்க்' எல்லாம் பால்தான். பேக்கரியில் எடை போட்டுத் தருவதற்கு லேபிளே இருக்காது, அதை விட்டுவிடுவது நல்லது.

சாப்பிட நம் வீட்டில் எவ்வளவோ இருக்கிறது. இட்லி, இடியாப்பம் தேங்காய்ப் பாலோடு, சாம்பார், பருப்பு, மீன் குழம்பு, முட்டை, கீரை. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. எள்ளில் அதே எடைக்கு 1,000-க்கும் மேல். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியிலும் முருங்கைக்கீரையிலும் உண்டு. ஆனாலும் தினமும் தேவையான சுமார் 1,000 மில்லிகிராமைச் சாப்பாட்டில் மட்டும் எட்டுவது கஷ்டம். தானியத்திலும் கீரையிலும் இருப்பதை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. கால்சியம் மாத்திரை போடுங்கள். பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை வைட்டமின் டி சேர்ந்த கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

பூண்டைப் பாலில் வேகவைக்காமல் நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பாகவோ, கஞ்சியில் போட்டோ சாப்பிடலாம். எனக்குப் பால் குறையவில்லை.

நெய்யும் கூடாதா? நன்றாகக் காய்ச்சினால் ஒவ்வாமை போய்விடாதா?

நெய் பெரும்பாலும் கொழுப்புதான் என்றாலும் அதில் துளியளவு பால் புரதம் மிஞ்சியிருக்கும். அதனால் நிறுத்திப் பார்க்கும் அந்தச் சில வாரங்களில் நெய்யும் வேண்டாம். அப்புறம் லேசான தொந்தரவு உள்ள குழந்தையின் அம்மாவுக்கு மருத்துவர் அனுமதிக்கலாம். காய்ச்சுவதைப் பொறுத்தவரை, அடுப்பில் எத்தனை முறை பொங்கவிட்டாலும் கேசினுக்கு ஒன்றும் ஆகாது.

ஆட்டுப்பால், எருமைப்பால், நாட்டு மாட்டுப் பால், கழுதைப்பால் கொடுக்கலாமா?

ஆட்டுப்பாலில் உள்ள புரதம் பசும்பால் புரதத்தை அப்படியே ஒத்திருக்கிறது. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் 10-ல் 9-க்கு மேல் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. எருமைப்பாலும் இதே கதைதான்.

நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசின் என்ற ஒரே ஒரு புரதத்தில், 67-வது இடத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலத்தின் வித்தியாசம். மற்றக் கேசின்களும் மோர்ப்புரதமும் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. நாட்டு மாடுகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பாலும் ஆபத்துதான்.

கழுதைப்பால் தெருவில் சங்கு கணக்கில் விற்றுக்கொண்டு வருவார்கள். அதன் புரதம் பசும்பாலோடு ஒத்துப்போவது குறைவு என்பது உண்மை. ஆனால் கறந்த கையோடு காய்ச்சாமல் கொடுப்பதில் கிருமி வரும். கொழுப்பும் மிகக் குறைவு, வளரும் குழந்தைக்குப் போதாது. வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கும்கூட ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து இல்லாத குறை. தண்ணீர் கலந்து கொடுத்தால் இருக்கும் சத்தும் போய்விடும்.

தாய்ப்பால் இல்லை, அல்லது போதவில்லை. எந்த டப்பா வாங்குவது?

கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள். பால் புரதத்தைச் சிறு துண்டுகளாக முழுமையாக உடைத்த மாவு ஒன்று உண்டு; பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போதும். அதற்கும் அடங்காதவர்களுக்கும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தவர்களுக்கும் அமினோ அமிலமாகவே இருக்கும் மாவு. புரதத்தைப் பாதி மட்டும் உடைத்த மாவும் விற்கிறார்கள், 'மென்மையானது' என்ற மாதிரிப் பெயரோடு. அது இந்த நோய்க்கு உதவாது. மருத்துவர் எழுதும் சீட்டில் எந்த வகை என்று கேட்டுத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

விலை கூடுதல்தான். சாதாரண டப்பாவைப் போலப் பல மடங்கு. ஐந்து மாதக் குழந்தைக்கு 400 கிராம் மூன்று நான்கு நாளில் தீர்ந்துவிடும். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டிக் கரைக்காதீர்கள்; குழந்தையின் எடை இறங்கும். இந்தச் செலவை நினைத்தால்தான், கொஞ்சமாவது தாய்ப்பால் இருக்கும்போதே அதைக் கூட்ட முயல வேண்டும் என்று நான் சொல்வது புரியும். இந்தியாவில் 1992-ல் வந்த சட்டப்படி குழந்தைகளுக்கான பால் மாவை விளம்பரம் செய்யவும் இலவச மாதிரி கொடுக்கவும் தடை இருக்கிறது. யாராவது இலவசமாக நீட்டினால் அது தவறு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புரதம் உடைந்த மாவு கசக்கும், வாடையும் வேறு. சின்னக் குழந்தைகள் குடித்துவிடும். நான்கைந்து மாதம் ஆனவர்கள் துப்புவார்கள். பழைய பாலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். உடனடி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அப்படிக் கலக்கக் கூடாது. மலம் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம், அந்த மாவுக்கு அப்படித்தான் போகும்.

சோயாப் பால், தேங்காய்ப் பால், பாதாம் பால்?

6 மாதத்துக்குக் கீழே சோயா மாவு வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. அதற்கு மேல் மருத்துவர் சொன்னால் குழந்தைகளுக்கான சோயா மாவு கொடுக்கலாம், விலையும் குறைவு. சில குழந்தைகளுக்கு அதுவும் சேராது. தேங்காய்ப் பாலும் பாதாம் பாலும் சமையலுக்கு நல்லவை. குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகும் சத்து அவற்றில் கிடையாது.

6 மாதத்தில் சோறு ஊட்ட ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. கேழ்வரகுக் கூழ், குழைத்த பருப்புச் சாதம், இட்லி, வாழைப்பழம், மசித்த காய். நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. பாலுக்குப் பயந்து முட்டை, வேர்க்கடலை, மீன் எல்லாவற்றையும் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொன்றாக, சிறு அளவில், பகல் நேரத்தில் ஆரம்பியுங்கள். உடனடி ஒவ்வாமையோ கடுமையான கரப்பானோ இருந்தால் முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் முன்னால் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறியுங்கள். தடுப்பூசிகளை இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வாழ்நாள் முழுக்கப் பால் கூடாதா? எப்போது சரியாகும்?

பெரும்பாலும் சரியாகிவிடும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வயதிலேயே, முக்கால்வாசிப் பேருக்கு மூன்று வயதுக்குள். மெதுவாக வரும் விதம் சீக்கிரம் போகும். ஐஜிஇ விதம் பள்ளிக்கூட வயது வரைகூட இழுக்கலாம்.

குறைந்தது 6 மாதம் பத்தியம் இருந்த பிறகு, பொதுவாக 9 முதல் 12 மாத வயதில், திரும்ப முயன்று பார்க்கலாம். மாவோடு சேர்த்து ஓவனில் நெடுநேரம் சுட்ட பாலில் புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறிவிடுகிறது. அதனால் பால் சேர்ந்த பிஸ்கட்டில் ஒரு துண்டு, பிறகு கேக், பிறகு தயிர், கடைசியில் பால் என்று படியேற்றுவார்கள். இந்தப் படிகள் வெளிநாட்டுச் சமையலை வைத்து எழுதியவை. 180 டிகிரியில் அரை மணி நேரம் சுடும் கேக்கும், பால் விட்டுப் பிசைந்து தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் போடும் சப்பாத்தியும் ஒன்றாகாது. சப்பாத்தியை முதல் படியாக வைத்துவிடாதீர்கள். உடனடி ஒவ்வாமை வந்த குழந்தைகளுக்கு முதல் படியே மருத்துவமனையில்தான்.

என் மகள் 13 மாதத்தில் தயிர்ப் படிக்கு வந்தாள். ஒரு கரண்டி தயிர் சாதம். மூன்று நாள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீட்டில், கோயிலில் யாராவது ஆசையாக ஊட்டிவிட்டால்?

இதுதான் நடைமுறையில் பெரிய கஷ்டம். 'ஒரு சொட்டில் என்ன ஆகிவிடும்' என்பார்கள். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று குழந்தையைத் தூக்கும் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். 'ஒத்துக்காது' என்றால் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 'மூச்சுத் திணறும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும்' என்றால் கேட்கிறார்கள். உடனடி விதம் உள்ள குழந்தைக்கு என்ன அறிகுறி வந்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, மருந்துப் பையில் வையுங்கள். தானே குத்திக்கொள்ளும் பேனா வடிவ அட்ரினலின் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் வெளியூர் போகும்போது பக்கத்தில் எந்த மருத்துவமனை 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா? கர்ப்பத்திலேயே பாலை விட்டுவிடட்டுமா?

வீட்டில் ஒவ்வாமை, ஆஸ்துமா, கரப்பான் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் கர்ப்பத்தில் பாலை விடுவதால் அதைத் தடுக்க முடியாது. உங்களுக்குச் சத்துக் குறைவதுதான் மிச்சம். நன்றாகச் சாப்பிடுங்கள்.

பிறந்த முதல் வாரத்தில்தான் கவனம் வேண்டும். பால் சுரக்கும் வரை என்று இரண்டு மூன்று நாள் டப்பாப் பால் கொடுத்து, அப்புறம் தாய்ப்பாலுக்கு மாறுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. தாய்ப்பால் கொடுக்கப் போகும் குழந்தைக்கு முதல் வாரத்தில் அப்படி இடையில் டப்பாப் பால் கொடுப்பதைத் தவிர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2020-ம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ, பசும்பாலோ நாக்கில் தொடுவதும் வேண்டாம். சீம்பால் சில சொட்டுதான் வரும். முதல் நாள் குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். குழந்தையின் சர்க்கரை அளவு குறைந்தாலோ வேறு மருத்துவக் காரணம் இருந்தாலோ கொடுக்கத்தான் வேண்டும், அங்கே பிடிவாதம் கூடாது. மற்றபடி, பிரசவத்துக்குச் சேரும் அன்றே, மூத்த குழந்தைக்குப் பால் ஒவ்வாமை இருந்தது, என்னைக் கேட்காமல் டப்பாப் பால் கொடுக்க வேண்டாம் என்று வார்டில் இருக்கும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். உங்களால் அப்போது சொல்ல முடியாமல் போகலாம் என்பதால் கூட இருக்கப் போகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.